கேள்வியாக நின்ற புருவம்

ஜனவரி 9

அன்புள்ள வாலு,

நீயும் மாப்பிள்ளையும் சுகமா? உன் இருமல் விட்டதா? நாள் முழுக்கப் பல் கட்டுகிற லேபில் தூசிக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறவள் முகமூடி போட்டுக்கொள் என்றால் கேட்பதில்லை. இங்கே உன் அத்தான் நலம். நானும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். வரவில்லை.

வீடியோவில் வராமல் இதென்ன கடிதம் என்று கேட்பாய். போனில் கேமரா கெட்டுப்போய்விட்டது. தட்டி அனுப்பினால் வரிக்கு வரி குறுக்கே கேள்வி போடுவாய். இது ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டிய விஷயம்.

டிசம்பரில் ஒரு பிரசவ வார்டுக்குச் சைகையில் மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். காது கேளாத பெண், முதல் குழந்தை, வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அவள் கண் தேடியது என்னைத்தான். டாக்டரம்மா, "குழந்தை நல்லா இருக்குன்னு சொல்லுங்க" என்றார். சொன்னேன். இருபத்தாறு வருஷம் கை பழகிய வார்த்தை. அவள் முகம் வெளுத்துவிட்டது. "என்னையா கேக்குறீங்க? குழந்தை எங்கே?" என்று கையை உதறினாள். தையல் போட்ட வயிற்றோடு எழுந்திருக்கப் பார்த்தாள். இரண்டு நர்சுகள் பிடித்துக்கொண்டார்கள். மறுபடி சொன்னேன், இன்னும் பெரிதாக. இன்னும் பயந்தாள். குழந்தையைக் கொண்டுவந்து அவள் நெஞ்சில் வைத்த பிறகுதான் அடங்கினாள்.

வெளியே கைகழுவும் இடத்துக் கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு புருவமும் பாதி நெற்றிக்கு ஏறி நின்றன. நான் ஏற்றவில்லை. இமைகள் கண்மணி மேல் சரிவதால், பார்வைக்கு வழி விட அவையே ஏறிக்கொள்கின்றன. "நல்லா இருக்கு" என்று கை சொல்ல, "நல்லா இருக்கா?" என்று முகம் கேட்டிருக்கிறது.

போன வாரம் ஓர் அழகு சிகிச்சை டாக்டரிடம் போனோம். ஆறு மாடி, முழுக்கக் கண்ணாடி. அவர் இரண்டு வழி சொல்கிறார். இமை மேல் தொங்கும் தோலைக் கீறி எடுத்துவிடுவது ஒன்று. முடிக்குள் கீறி, நெற்றியோடு சேர்த்துப் புருவத்தைத் தூக்கி நிறுத்துவது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் பொருந்தும் என்கிறார். "இப்ப நீங்க கஷ்டப்பட்டுத் தூக்கிட்டு இருக்கீங்க. நான் நிரந்தரமாத் தூக்கி வெச்சுடறேன், உங்களுக்குச் சிரமமே இருக்காது." திரும்பி வரும்போது உன் அத்தான், "தூக்குற வேலைன்னா லிஃப்ட் மெக்கானிக் நான் வீட்டிலேயே இருக்கேனே" என்றார். சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறையில் உட்கார்ந்து அழுதேன்.

எதைச் செய்ய? என் முகத்தை என்னைவிட அதிகமாகப் பார்த்தவள் நீ. யோசித்துச் சொல்.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு.

உன் அக்கா

•

ஜனவரி 20

அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. முகமூடி போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அத்தான் சௌக்கியமா? உன்னைச் சௌக்கியமா என்று கேட்க முடியவில்லை.

புருவத்தில் கை வைக்காதே. அவ்வளவுதான் என் யோசனை. மீதி எல்லாம் காரணம்.

உனக்குப் பாடம் எடுக்கிறேன் என்று நினைக்காதே. புருவம் மேலே போனால் "அப்படியா, இல்லையா?" கீழே இறங்கிச் சுருங்கினால் "என்ன, ஏன், எங்கே?" அசையாமல் இருந்தால் சொல்கிற சொல் சொல்தான். காது கேட்கிறவர்களுக்குக் குரல் ஏறி இறங்குகிற மாதிரி எங்களுக்கு அது. தூக்கி நிறுத்திவிட்டால், நீ "செத்துப் போயிட்டார்" என்றாலும் "செத்துட்டாரா?" என்றுதான் தெரியும். ஒரு வார்டில் நடந்தது எல்லா வார்டிலும் நடக்கும்.

அம்மா சாகிறவரை ஒரு சைகை கற்றுக்கொள்ளவில்லை. அப்பாவுக்கு "வா", "போ" இரண்டும் தெரியும். மற்ற எல்லாமே எனக்கு உன் முகத்திலிருந்து வந்தது. ஒன்பது வயதில் நீ யாரிடமும் கேட்காமல் எனக்காக உண்டாக்கின பேச்சு. அதைப் போய் ஒரு கண்ணாடிக் கட்டடக்காரர் கையில் கொடுப்பாயா?

என் வேலையை வைத்து ஒன்று சொல்கிறேன். ஒரு பல் கால் மில்லிமீட்டர் உயரமாக உட்கார்ந்தால் வாய் மூடாது. அந்தப் பல்லைத் தேய்க்காமல் மற்ற பற்களைத் தேய்க்க ஆரம்பித்தால் கடைசியில் பல்லே மிஞ்சாது. கோளாறு இமையில் என்றால் இமையைப் பார்க்கிறவரிடம் போ. அழகு பார்க்கிறவர் வேண்டாம், கண் ஆஸ்பத்திரிக்குப் போ.

கேமராவைச் சரிசெய். அல்லது அத்தான் போனில் வா. முகத்தைப் பார்த்து இரண்டு மாதம் ஆகிறது.

வாலு

•

பிப்ரவரி 6

அன்புள்ள வாலு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே அத்தானுக்கு லேசான முதுகுவலி. எனக்கு ஒன்றும் புதிதாக இல்லை.

நீ சொன்னபடி பொதுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலை ஏழுக்கு வரிசையில் நின்று பதினொன்றரைக்கு உள்ளே போனேன். டாக்டரம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, நேரே கட்டைவிரலால் என் புருவத்தை எலும்போடு சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டார். "இப்ப மேல பாருங்க" என்றார். பார்த்தேன். பார்த்ததாகத்தான் நினைத்தேன். இமை பாதியிலேயே நின்றுவிட்டது. ஒரு சின்ன ஸ்கேலை வைத்து அளந்து எழுதிக்கொண்டார்.

"தோல் கொஞ்சம் தொங்குது, அது பெரிய விஷயமில்லை. இமையைத் தூக்குற தசை தளர்ந்து விலகியிருக்கு. அதை இழுத்துத் தைச்சா போதும். இமை ஏறினா புருவம் தானா இறங்கிடும். அது பாவம், வேற ஆளோட வேலையைச் செஞ்சிட்டு இருக்கு."

ஆக மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அதற்குத் தேதி கேட்டேன். ஜூலை என்றார்கள். சீக்கிரம் ஆகாதா என்று கேட்டதற்கு, கண்ணே தெரியாமல் உட்கார்ந்திருக்கும் வரிசையைக் காட்டினார் நர்ஸ். அதற்கு மேல் எப்படிக் கேட்பது?

ஆனால் மே 6-ல் எங்களுக்குத் தேர்வு. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மொழிபெயர்ப்பாளர் பட்டியலைப் புதுப்பிப்பார்கள், உனக்குத் தெரியுமே. பட்டியலில் பெயர் இல்லையென்றால் கோர்ட்டும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. வார்டில் நடந்தது அலுவலகத்துக்கு எட்டிவிட்டது. ஜனவரியில் என்னை நான்கு முறைதான் கூப்பிட்டார்கள். முன்பெல்லாம் வாரத்துக்கு நான்கு. நேற்று ஒரு வக்கீல், "மேடம், தூக்கம் வருதா? வேணும்னா கொஞ்சம் பிரேக் எடுக்கலாம்" என்றார், எல்லார் முன்னாலும், அன்பாகத்தான். ஐம்பத்திரண்டு வயதில் வேறென்ன வேலைக்குப் போவேன்? எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.

கேமராவை இன்னும் பார்க்கவில்லை.

அக்கா

•

பிப்ரவரி 15

அக்காவுக்கு,

நலம். அத்தானைக் குனிந்து பாரம் தூக்க வேண்டாம் என்று சொல்.

அந்த டாக்டரம்மாவை எனக்குப் பிடித்திருக்கிறது. ஜூலை வரை பொறு. தேர்வைத் தள்ளிப்போடச் சொல்லி எழுதிக் கேள். கண்ணுக்கு ஆபரேஷன் என்றால் யார் மறுப்பார்கள்? மறுத்தால் நான் வந்து சண்டை போடுகிறேன். நான் சண்டை போடும்போது மொழிபெயர்க்க ஆள் வேண்டும், அதற்கும் நீதான் வர வேண்டியிருக்கும்.

சிரித்தாயா?

அக்கா, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாக இந்தத் தாளை வைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது வேண்டாம். உன் கண் சரியாகட்டும்.

புருவத்தைத் தொடுவதில்லை என்று ஒரு வரி எழுதி அனுப்பு.

வாலு

•

பிப்ரவரி 27

அன்புள்ள வாலு,

உன் கடிதம் வந்தது. எல்லாரும் சுகம். அத்தானின் முதுகும் தேவலை.

நீ சொல்வதுதான் சரி. ஜூலை வரை பொறுக்கிறேன். புருவத்தைத் தொடுவதில்லை. எழுதிவிட்டேன், போதுமா?

மார்ச்சில் பத்து நாள் லீவு போட்டிருக்கிறேன். வீட்டில் அலமாரியெல்லாம் ஒழிக்க வேண்டும். கொஞ்ச நாள் கடிதம் வராவிட்டால் கவலைப்படாதே. என்னவோ சொல்ல வேண்டும் என்றாயே, அதை நிதானமாகச் சொல்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

•

ஏப்ரல் 4

அக்காவுக்கு,

மார்ச் 8-ல் ஒன்று, 19-ல் ஒன்று எழுதினேன். இரண்டுக்கும் பதில் இல்லை. போனில் "நலமா?" என்று கேட்டால் கட்டைவிரல் படம் அனுப்புகிறாய். நாற்பத்து மூன்று வருஷமாக உன்னோடு பேசுகிறேன், இதுவரை எனக்கு நீ கட்டைவிரல் காட்டியதில்லை.

அலமாரி ஒழிக்க ஐந்து வாரமா?

எனக்கு ஒன்றும் இல்லை, நலம். உனக்கு என்ன?

வாலு

•

ஏப்ரல் 12

அன்புள்ள வாலு,

கோபித்துக்கொள்ளாதே. நலமாக இருக்கிறேன். அத்தானும் நலம்.

எதிர்வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். முதலில் நீலம் அடித்தார்கள், பிடிக்கவில்லை என்று இப்போது வெள்ளை. நீலம் அடியிலிருந்து தெரிகிறது. மூன்றாவது பூச்சு அடிக்க நாளைக்கு ஆள் வருகிறார்களாம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெயில் அதிகம். தலைக்கு ஊற்றிக்கொள்ள இன்னும் ஒரு வாரம் பொறுக்க வேண்டும் என்பதால் எரிச்சலாக இருக்கிறது. வேறொன்றும் இல்லை.

வேலைக்கு இந்த மாதம் போகவில்லை. மே தேர்வுக்குத் தயார் செய்கிறேன்.

அக்கா

•

ஏப்ரல் 19

அன்புள்ள வாலுவுக்கு அத்தான் எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. லிஃப்ட் பழுது ரிப்போர்ட்தான் எழுதுவேன். அதே மாதிரி எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

"அக்கா ஏன் தலைக்குக் குளிக்கக் கூடாது?" என்று முந்தாநாள் போனில் தட்டிக் கேட்டிருந்தாய். பொய் சொல்ல எனக்கு வரவில்லை. உன்னிடம் சொல்லக் கூடாது என்று உன் அக்கா சத்தியம் வாங்கியிருக்கிறாள். அதை உடைக்கிறேன்.

மார்ச் 11-ல் அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் புருவம் தூக்கும் ஆபரேஷன் செய்துகொண்டாள். நான் வேண்டாம் என்று சொன்னேன். பலமாகச் சொல்லவில்லை. அவள் அவ்வளவு ஆசையாக இருந்தாள். இருபது நாள் வீக்கம். ஒரு காதிலிருந்து மறு காதுவரை முடிக்குள் தையல். வலது பக்கம் ஓர் ஓரத்தில் புண் ஆற நாளாகிறது, அதனால்தான் குளிக்கக் கூடாது. வீக்கம் வடிந்த பிறகுதான் தெரிந்தது. இடது புருவம் மேலேயே நிற்கிறது, கொஞ்சம் அசைகிறது. வலது புருவம் அசையவே இல்லை. நரம்பில் அடி பட்டிருக்கிறது என்றார்கள். ஆறு மாதத்தில் வரலாம், ஒரு வருஷம் ஆகலாம், வராமலும் போகலாம் என்று சொல்லிவிட்டு, "ஆனா லுக் ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றார் டாக்டர். சட்டையைப் பிடிக்கப் போனேன். உன் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இமை முன்பு போலவேதான் தொங்குகிறது. வலது பக்கம் தூக்கிப் பிடிக்கப் புருவமும் இல்லாததால் அந்தக் கண் பாதி மூடியே இருக்கிறது. காலையிலிருந்து கண்ணாடி முன் உட்கார்ந்து விரலால் வலது புருவத்தை ஏற்றி இறக்கிப் பார்க்கிறாள். சாப்பிடக் கூப்பிட்டால், "தேர்வுக்குப் படிக்கிறேன்" என்கிறாள்.

எனக்கு உங்கள் பேச்சு நாலு வார்த்தைதான் தெரியும். இத்தனை வருஷத்தில் கற்றுக்கொண்டிருக்கலாம். அவளுக்கு ஆறுதல் சொல்ல எந்தப் பேச்சும் எனக்கு வரவில்லை. நீ எழுது.

அத்தான்

•

ஏப்ரல் 24

அக்காவுக்கு,

அத்தானைத் திட்டாதே. நான் கேட்டுத்தான் சொன்னார்.

முதலில் உன்னைத் திட்டி நாலு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். தொடுவதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பத்து நாள் லீவும் கேட்டு, அலமாரி ஒழிக்கிறேன் என்று... போகட்டும். அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. நானும் ஒன்றை மறைத்திருக்கிறேன். பிப்ரவரியில் சொல்ல வந்து சொல்லாமல் விட்டது இதுதான்.

உன் முகம் இரண்டு வருஷமாகவே எனக்குப் புரியவில்லை.

வீடியோவில் நீ கேட்பது கேள்வியா, சொல்வது செய்தியா என்று தெரியாது. கையைப் பார்ப்பேன், முன்னால் என்ன பேசினோம் என்று நினைத்துப் பார்ப்பேன், ஊகித்துப் பதில் சொல்வேன். பாதி நேரம் சரியாக இருக்கும். தப்பானால் நான் வேண்டுமென்றே விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரிப்பாய். நானும் சிரிப்பேன். என் வீட்டுக்காரர் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "உங்க அக்காகிட்ட சொல்லிடு" என்றார். அவருக்கும் காது கேட்காது, அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. நீ வருத்தப்படுவாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதில்லை. உன் முகம் புரியவில்லை என்று ஒத்துக்கொண்டால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அன்றைக்கே சொல்லியிருந்தால், இரண்டு வருஷம் முன்பே கண் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றிருப்பாய். அந்தப் பெண் வார்டில் அப்படிப் பதறியிருக்க மாட்டாள். நீ இப்படி உட்கார்ந்திருக்க மாட்டாய். உன்னை வெட்டினது அந்த டாக்டர் மட்டும் இல்லை.

தேர்வுக்குப் போகாதே, அக்கா. கெஞ்சிக் கேட்கிறேன்.

வாலு

•

மே 10

அன்புள்ள வாலு,

உன் கடிதம் வந்த அன்று அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தேன். நாலு நாள் உன்மேல் எனக்கிருந்த கோபத்தை எழுதினால் தாள் தாங்காது. இரண்டு வருஷம் நான் உன்னோடு பேசிக்கொண்டிருந்ததாக நினைத்தேன். நான் தனியாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நீ போகாதே என்றதாலேயே போனேன்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். அலுவலகத் தலைவி, ஒரு கோர்ட் அதிகாரி, மூன்றாவது ஆள் காது கேளாத ஓய்வுபெற்ற வாத்தியார், நரைத்த மீசை. தலைவி ஒரு டாக்டரும் நோயாளியும் பேசுவதை வாசித்தார், நான் வாத்தியாருக்குச் சொல்ல வேண்டும். பத்து நிமிடம். காலையில் நன்றாகத் தூங்கி எழுந்த முகம், இமை ஓரளவு திறந்திருந்தது. கை தடுமாறவில்லை. முடித்ததும் தலைவி, "எவ்ளோ ஃப்ரெஷ்ஷா இருக்கீங்க, லீவு உங்களுக்கு ஒத்துக்கிச்சு" என்றார். கோர்ட் அதிகாரி தலையாட்டினார். வாத்தியார் என்னைப் பார்த்து, "நல்லா இருந்துச்சு, எல்லாம் புரிஞ்சுது" என்றார்.

அப்போது அவர் கண்ணைப் பார்த்தேன். அவர் கண் என் முகத்தில் இல்லை. என் கையிலிருந்து தலைவியின் உதட்டுக்கும், அங்கிருந்து மேசைமேல் இருந்த தாளுக்கும் ஓடிக்கொண்டிருந்தது. விட்ட இடத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். எனக்கு உதவி செய்துகொண்டிருந்தார், வாலு. உன் கடிதம் வராமல் இருந்தால் எனக்கு அது தெரிந்தே இருக்காது. நன்றி சொல்லிவிட்டு வந்திருப்பேன்.

அவரிடம் கேட்டேன்: "டாக்டர் அந்த நோயாளிகிட்ட ரத்தத்துல சர்க்கரை இருக்குன்னு சொன்னாரா, இருக்கான்னு கேட்டாரா?" அவர் கண் மறுபடி தாளுக்குப் போனது. பிறகு, "மன்னிச்சிடுங்க" என்றார். அவர் என்னிடம்.

தலைவியிடம், என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை. புரியவைத்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன். எந்த பஸ் என்று பார்க்கவில்லை, கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் இறக்கிவிட்டார்.

உனக்கு நான் மறைத்த இன்னொன்றும் இருக்கிறது. வேலைக்காக மட்டும் அந்த ஆபரேஷன் செய்துகொள்ளவில்லை. ஜனவரியில் அந்த டாக்டர் இரண்டு விரலால் என் புருவத்தைத் தூக்கிப் பிடித்துக் கண்ணாடியைக் காட்டினார். அதில் முப்பது வயதில் இருந்த நான் இருந்தேன். தெளிவாக, தூக்கம் கலைந்து. பிறகு விரலை எடுத்தார். அவளை அங்கேயே விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை. புருவம் நின்றுபோனால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாதா? உனக்கே நான்தானே சொல்லிக்கொடுத்தேன். தெரிந்துதான் படுத்தேன்.

இப்போது எனக்கு வேலையும் இல்லை, அவளும் இல்லை. ஜூலைத் தேதியை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று நினைக்கிறேன். இன்னொரு கத்தி எதற்கு? யாருக்காகக் கண்ணைத் திறக்க?

அக்கா

•

மே 16

அக்காவுக்கு,

நலமா என்று கேட்கவில்லை.

கோபப்படு. நாலு நாள் போதாது, வருஷம் முழுக்கப் படு. ஆனால் ஜூலைத் தேதியை விட்டால் உன்னோடு பேச மாட்டேன். இது விளையாட்டில்லை.

எனக்காகத் திற. அந்த வாத்தியாரிடம் கேட்டாயே ஒரு கேள்வி, அதை நான் வந்து உன் முகத்தில் பார்க்க வேண்டும். லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு வாரம். மறுத்தால் வேலையை விட்டுவிட்டு வருவேன், பல் கட்ட ஆளா இல்லை?

அதுவரை சாப்பிடு.

வாலு

•

ஆகஸ்ட் 8

அன்புள்ள வாலு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? நீ கிளம்பின பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது. அத்தான் உன் நாற்காலியை நகர்த்த மறுக்கிறார். தையல் பிரித்தாகிவிட்டது.

கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறைக்குள் நடந்ததை உனக்கு அப்போது சொல்லவில்லை. நீ அழுதுவிடுவாய் என்று பயந்தேன். அப்படி நினைப்பதையும் இனி நிறுத்த வேண்டும், சொல்லிவிடுகிறேன்.

மயக்கம் கொடுக்கவில்லை, இமையில் மட்டும் மரத்துப்போக ஊசி. தைத்துக்கொண்டே டாக்டரம்மா, "கண்ணைத் திறங்க, மூடுங்க, திறங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் என்னை எழுப்பி உட்காரவைத்து இரண்டு கண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இடது சரி. வலது ஒரு நூல் அதிகம் என்று முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டார். "நெத்தியைச் சும்மா விடுங்க" என்றார். விட்டேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு நெற்றியில் பாரமில்லை. நான் அழுதுவிட்டேன். "அழாதீங்கம்மா, எனக்குத் தையல் தெரியலை" என்றார்.

நேற்று போய்க் காட்டினேன். இரண்டு இமையும் ஒழுங்காக ஏறுகின்றன. இடது புருவம் அவர்கள் தூக்கின இடத்திலிருந்து கொஞ்சம் இறங்கியிருக்கிறது, நன்றாக அசைகிறது. வலது புருவம் செத்ததுதான். வருமா என்று கேட்டேன். "வரும்னு சொன்னா பொய். வராதுன்னு சொன்னாலும் பொய்" என்றார்.

அலுவலகத் தலைவி கூப்பிட்டிருந்தார். கல்லூரி வகுப்புகளில் வாத்தியார் பேசுவதை அப்படியே தட்டி, காது கேளாத மாணவர்களுக்குத் திரையில் காட்டுகிற வேலை. முகம் தேவையில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து தட்ட வேண்டும். செப்டம்பரிலிருந்து போகிறேன். சந்தோஷமா என்று கேட்காதே. பதினோரு மணிக்கு ஒரு வகுப்பு இருக்கிறது, இப்போதைக்கு அது தெரிந்தால் போதும்.

அத்தான் உன்னிடம் ஐம்பது சைகை கற்றுக்கொண்டதாகப் பெருமை அடிக்கிறார். அதில் முப்பது கெட்ட வார்த்தை.

அக்கா

•

அக்டோபர் 3

அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். அத்தானுக்குச் சொல், மீதி இருபதையும் கெட்ட வார்த்தையாகவே கற்றுத் தருகிறேன்.

நேற்று வீடியோவில் ஒன்றரை மணி நேரம் பேசினோம். நீ போனை வைத்ததிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். எழுதினால்தான் அடங்கும் போலிருக்கிறது.

நேற்று நீ சொன்னதில் ஏழு இடம் எனக்குப் புரியவில்லை. ஏழு முறையும் நிறுத்தி "புரியலை" என்றேன். முதல் தடவை உன் முகம் சுருங்கியது, பாதி முகம். மூன்றாவது தடவை, "உனக்கு வேணும்னே புரியலை" என்று எரிந்து விழுந்தாய். ஐந்தாவது தடவை போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாய். எனக்கு மேசையின் இருட்டுதான் தெரிந்தது. நீ திரும்பி வர மாட்டாய் என்று நினைத்தேன். வந்தாய். அதே கேள்வியைத் தலையைச் சாய்த்து, தோளை முன்னால் கொண்டுவந்து, மறுபடி கேட்டாய்: "நீ அன்னைக்கு சொல்லாம விட்டது என்மேல பாவப்பட்டா?"

கேள்வி என்று தெரிந்தது. "ஆமா, அதுவும்தான்" என்றேன்.

"இனிமே பாவப்படாதே" என்றாய். அது கேள்வி இல்லை என்பதும் தெரிந்தது.

ஆறாவதும் ஏழாவதும் புரியவே இல்லை. விட்டுவிட்டோம்.

வலது புருவத்தை நான் உற்று உற்றுப் பார்த்தேன், நீயும் கவனித்திருப்பாய். அசையவில்லை. அசைந்த மாதிரி இருந்தது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கூப்பிடுகிறேன். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதே, முகம் இருட்டாகிவிடுகிறது. வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்.

வாலு